மலைக்குப் போக ஒருவர், வாசலில் இருக்க ஒருவர்



யாழ்ப்பாண மண்ணிலே பிறந்தவனுக்கு மலை என்பது பெரும்பாலும் ஒரு சொல் மாத்திரமே. கீரிமலை என்றோர் ஊர் நமக்குண்டு. அங்கே இறங்குவதற்குக் கேணி உண்டே தவிர ஏறுவதற்கு மலை இல்லை. சிறு பராயத்தில் நான் கண்ட முதல் மலை, எங்கள் கோயில் வளவிலே திருப்பாடுகளின் காட்சிக்காகப் பலகையும் சாக்கும் கொண்டு கட்டி, சாம்பல் நிறம் பூசிய கல்வாரி மலை. பெரிய வெள்ளி கழிந்ததும் அதைப் பிரித்து, சாக்குகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அத்தகைய ஒருவன் உண்மையான ஒரு மலையிலே, தன்னந்தனியனாக, ஒன்றரை மணித்தியாலம் நடந்த கதையையே இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். அது பெரிய மலையன்று, நடந்தது வீரச்செயலுமன்று. ஆயினும் அந்த நடை என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் முழுமையாக விடை சொல்லி முடிக்கவில்லை.

2014 ஆம் ஆண்டு. மேற்படிப்பின் நிமித்தம் நான் உரோமாபுரியில் தங்கியிருந்தேன். அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 20 ஆம் திகதி வந்தது. மறுநாள் திங்கட்கிழமை இத்தாலியில் பொது விடுமுறை. 'சின்னப் பாஸ்கா' என்று அதனை அழைக்கும் அந்நாட்டு மக்கள், உணவைக் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக நாட்டுப்புறம் போய்விடுவார்கள். உயிர்த்த ஆண்டவர் எம்மாவுக்குச் செல்லும் வழியிலே இரு சீடரோடு நடந்ததன் நினைவு இது என்பார் சிலர். நீண்ட குளிருக்குப் பின் வெயிலைக் கண்ட மகிழ்ச்சி என்பார் வேறு சிலர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அந்த ஆரவாரம் அடங்கிய செவ்வாய்க்கிழமை, நான் அசிசி நகருக்குப் புகையிரதம் ஏறினேன். நான் தங்கியிருந்த இல்லத்திலே எனக்கென்று இருந்த திருப்பலிகளையும் கடமைகளையும் கேரளத்தைச் சேர்ந்த ஒரு குரு நண்பர் பொறுப்பேற்றுக்கொண்டார். "நீர் போய் வாரும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அன்று அதனை நான் ஒரு சிறு உபகாரமாகவே கருதினேன். அந்த வார்த்தையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

புதன் காலை நகரத்தின் மேற்புறத்திலே உள்ள பழைய மதில் வாயிலொன்றைக் கடந்து நடக்கத் தொடங்கினேன். அசிசி நகரம் சுபாசியோ என்ற மலையின் சரிவிலே அமைந்திருக்கிறது. அந்நகரின் வீடுகளும் கோயில்களும் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த கல்லாலே கட்டப்பட்டவை. அந்தக் கல்லும் அதே மலையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதுதான். மலையின் உச்சி 1,290 மீற்றர் உயரமானது. நான் உச்சிக்குப் போகவில்லை. நகரிலிருந்து ஏறக்குறைய 4 கிலோ மீற்றர் தொலைவிலே, 790 மீற்றர் அளவான உயரத்திலே, மலையின் ஒரு பிளவுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் கார்ச்செரி என்னும் துறவு இல்லமே என் இலக்கு. அப்பெயருக்குச் 'சிறைகள்' என்று பொருள். ஆட்களைப் பூட்டி வைக்கும் சிறையன்று. புனித பிரான்சிஸ் அசிசியாரும் அவருடைய தோழர்களும் இறைவனோடு தனித்திருப்பதற்காகத் தாமாகவே போய் ஒடுங்கிக்கொண்ட குகைகளுக்கு அந்தப் பெயர் வழங்கலாயிற்று.

முதலில் ஒலிவ மரங்கள். விவிலியத்திலே நூறு தடவை வாசித்த மரத்தை அருகிலே பார்க்கும்போது, இலையின் மேற்புறம் பச்சையாகவும் அடிப்புறம் வெள்ளி போலவும் இருப்பதைக் கண்டு ஒரு மாணவனைப் போல வியந்தேன். காற்று அடிக்கையிலே சரிவு முழுவதும் ஒரு கணம் வெண்மையாகிப் பின் பச்சையாகிறது. பாதையோரக் கற்களிலும் மரங்களிலும் வழிகாட்டச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு தீட்டியிருந்தார்கள். சற்று மேலே இலையே இல்லாத ஒரு மரம், கிளையோடும் தண்டோடும் ஒட்டிக்கொண்டு ஊதா கலந்த சிவப்பாகப் பூத்து நின்றது. இத்தாலியர் அதனை யூதாசு மரம் என்பர். காட்டிக்கொடுத்தவன் அதிலேதான் தூக்கிட்டுக்கொண்டான் என்பது மரபு. துரோகியின் பெயரைச் சுமக்கும் மரம் பாஸ்கா வாரத்திலே இப்படிப் பூத்துக் குலுங்குவதற்கு எந்த இறையியலாளர் விளக்கம் சொல்வாரோ, எனக்குத் தெரியாது. அப்பால் ஒரு பறவை தன் பெயரையே இரண்டு அசையாகச் சொல்லிச் சொல்லிக் கூவியது. அது நமது குயிலின் இனம்தான். ஆனால் நமது குயிலைப் போல உயர்ந்து உயர்ந்து போகும் ஏக்கம் அதன் குரலில் இல்லை. யாரோ கதவைத் தட்டுவது போல, அளந்து கூவுகிறது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். நமக்கு வெயில் என்பது ஒளிந்துகொள்ள வேண்டிய ஒன்று. சித்திரை வெயிலிலே குடையும் நிழலும் தேடுகின்ற மக்கள் நாம். கடவுளை நிழலாகப் பாடிய திருப்பாடல் ஆசிரியரை நாம் விளக்கவுரை இல்லாமலே புரிந்துகொள்வோம். அன்று அந்த மலையிலோ, மரநிழலைத் தாண்டி வெயில் விழுந்த இடத்திலே நான் வேண்டுமென்றே நின்றேன். பின்னாலிருந்து ஒருவர் தோளில் கை வைத்தது போன்ற இளஞ்சூடு. கதிரவனைச் சகோதரன் என்று அழைத்துப் பிரான்சிஸ் பாடிய பாடலை நாம் எல்லோரும் அறிவோம். அது 1225 இல், கண்ணோயினால் பகல் வெளிச்சத்தையே தாங்க முடியாமல் அவர் இருட்டறையிலே கிடந்த நாட்களில் பிறந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. வெயிலை இழந்தவன் பாடிய வெயிலின் பாட்டு அது.

இவ்வளவு அழகின் நடுவே எனக்குச் செபம் வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். வரவில்லை. முதல் அரை மணித்தியாலம் மனத்துக்குள் ஓடியவை ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளும், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணமும், பேராசிரியர் ஒருவர் சொன்ன கூரிய சொல்லொன்றும்தான். அத்தோடு எனக்கே விளங்காத ஓர் அச்சமும் இருந்தது. பின்னால் யாரும் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

சிந்தித்துப் பார்த்தபோதுதான் காரணம் புலப்பட்டது. என் வாழ்விலே நான் நடந்த நடைகள் எல்லாம் கூட்டத்தோடு நடந்தவை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, பன்னிரண்டு வயதிலே, அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தேன். அந்த இரவை நடந்து கடந்தவர்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. ஓரடி வைக்க ஒரு நிமிடம். கையை விட்டால் பிள்ளை தொலைந்துபோகும். மடுத்திருப்பதிக்குப் போனாலும் கூட்டம், குருமடத்தின் மாலை நடையிலும் மூவர் மூவராகவே நடப்போம். நடை என்றால் ஒன்றில் ஓட்டம், அல்லது திருவிழா. காரியம் எதுவும் இல்லாமல், துரத்துவோர் யாருமில்லாமல், ஒரு மனிதன் தனியே நடக்கலாம் என்பதை என் கால்கள் அறிந்திருக்கவில்லை.

பாதை காட்டுக்குள் நுழைந்து செங்குத்தாகும் ஓரிடத்தில் களைத்துப்போய் ஒரு கல்லிலே அமர்ந்தேன். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயில். பிரான்சிஸ் 1226 இல் உயிர்நீத்த இடத்தின்மேல் எழுந்துள்ள தூதர்களின் அன்னை மரியா பேராலயத்தின் குவிமாடம் சமவெளியில் தெரிந்தது. அங்கேதான், எண்ணங்கள் எல்லாம் ஓடிக் களைத்துப்போன பின், ஒரு முகம் வந்து என் முன்னே நின்றது. அமைதியைத் தேடிப் போனவனுக்குக் கிடைத்தது அமைதியன்று.

குருப்பட்டம் பெற்ற புதிதில் வன்னியிலே ஒரு பங்கில் உதவிக்குருவாக இருந்தேன். 2012 ஆம் ஆண்டு ஒரு மாலைப்பொழுது, ஒரு தாய் பங்குமனைக்கு வந்தார். 2009 இல் காணாமற்போன மகனின் பத்திரங்களை ஒரு பிளாஸ்ரிக் பையிலே சுற்றி வைத்திருந்தார். பிறப்பத்தாட்சி, பாடசாலைப் புகைப்படம், எழுதிய கடிதங்களின் பிரதிகள். அவற்றை ஒவ்வொன்றாக மேசையிலே விரித்தார். திருவிழாக் குழுக் கூட்டத்துக்கு எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் பத்திரங்களைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். "செபியுங்கள் அம்மா, ஆண்டவர் கைவிடமாட்டார்" என்று சொல்லி எழுந்தேன். அவர் பத்திரங்களை அடுக்கிக்கொண்டே, "ஓம் சுவாமி, நானும் ஓடவேணும். பெட்டை தனிய வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள்" என்றார். அவர் சொன்னதன் பொருளை நான் கேட்கவுமில்லை. மின்விளக்கு அலங்காரத்துக்கு எவ்வளவு செலவாகும் என்ற விவாதத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு ஆண்டுகளாக அந்தத் தாய் என் நினைவில் வரவேயில்லை. ஆயிரம் காத வழி தாண்டி, யாரும் பேசாத ஒரு மலைச் சரிவிலே வந்து நின்றார். உரோமாபுரியிலே தினமும் செபித்தேன். ஆண்டுத் தியானமும் செய்தேன். ஆயினும் அங்கெல்லாம் ஏதாவதொரு குரல் பேசிக்கொண்டேயிருந்தது. உள்ளதைச் சொன்னால், நமது பங்குகளில் நாம் நடத்தும் தியானங்களிலும் ஒலிபெருக்கி ஓய்வதில்லை அல்லவா? மௌனம் ஐந்து நிமிடம் நீண்டால் பாடகர் குழுவைப் பார்த்துச் சைகை காட்டுகிறவர்கள் குருக்களாகிய நாங்கள்தான்.

கார்ச்செரியை அடைந்தபோது பதினொரு மணி. சிறு முற்றம், ஒரு கிணறு, பாறையோடு பாறையாக ஒட்டிய சில அறைகள். குனிந்து, தோள் உரச, ஒடுங்கிய படிகளில் இறங்கினால் பிரான்சிஸ் படுத்த குகை. வெளியே, இரும்புக் கம்பிகளால் தாங்கி நிறுத்திய முதிய கருவாலி மரம். பார்ப்பதற்கு அவ்வளவுதான். முற்றத்தின் சுவரிலே சாய்ந்து அமர்ந்தபோது, குருமடத்திலே படித்து மறந்துபோன ஒரு சிறு ஏடு நினைவுக்கு வந்தது.

தனிமையில் வாழ விரும்பும் சகோதரருக்கென்று பிரான்சிஸ் மிகச் சுருக்கமான ஒழுங்கு ஒன்றை எழுதினார். 1217 க்கும் 1221 க்கும் இடையில் எழுதப்பட்டிருக்கலாம் என்பர் அறிஞர். அதன்படி, தனிமை இல்லத்துக்குப் போகிறவர்கள் மூவர், கூடினால் நால்வர். அவர்களில் இருவர் 'அன்னையர்'. மற்ற இருவர், அல்லது ஒருவராவது, 'மைந்தர்'. அன்னையர் மார்த்தாவைப் போலப் பணி செய்வர். மைந்தர் மரியாவைப் போல இறைவன் பாதத்தில் அமர்ந்திருப்பர். வெளியார் எவரும் வந்து மைந்தரின் தனிமையைக் குலைக்காதவாறு காப்பது அன்னையரின் கடமை. மைந்தர் பசித்தால் ஏழைகளைப் போல அன்னையரிடம் வந்து கேட்டு உண்ணலாம். இறுதியிலே ஒரு விதி: காலத்துக்குக் காலம் முறை மாறவேண்டும். மைந்தராக இருந்தவர் அன்னையராகித் தம் தோழரின் தனிமையைக் காக்கவேண்டும்.

முரட்டு ஆண்கள் சிலர் காட்டுக்குள் போய் ஒருவருக்கொருவர் தாயாக இருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். தனிமை என்பது ஒருவர் தாமே எடுத்துக்கொள்ளும் பொருளன்று, இன்னொருவர் வாசலில் இருந்து காத்துக் கொடுக்கும் பொருள் என்பதைப் பிரான்சிஸ் அறிந்திருந்தார். நான் அந்தக் காலையில் மலையேறியதும் அப்படித்தான். கேரளத்து நண்பர் எனக்கு அன்னையாக இருந்தார். அந்த வெயிலும் பூவும் குயிலும் அவர் என் இடத்தில் நின்றதால் எனக்குக் கிடைத்தவை.

அன்புள்ளங்களே, இப்போது நமது வீடுகளுக்குள் வாருங்கள். தனிமரம் தோப்பாகாது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். யாராவது ஒருவர் சற்றுத் தனித்திருந்தால், "என்ன, சுகமில்லையோ, ஆரோடும் கோபமோ" என்று கேட்டுவிடுகிறோம். போரின் காலத்திலே ஒட்டி வாழ்ந்ததனால் உயிர் பிழைத்த சமூகத்துக்கு அது இயல்பே. அதனை நான் குறைகூறவில்லை. ஆயினும் அந்தப் பழக்கத்தின் சுமை எல்லோர்மீதும் ஒரே அளவாக விழுவதில்லை. தகப்பன் பின்னேரம் சந்திக்குப் போகிறார். பிள்ளை கைத்தொலைபேசியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான். வீட்டுத் தாய்க்கு எந்த வழி? விடியற்காலை அடுப்பில் தொடங்கி இரவு கதவைப் பூட்டும்வரை அவர் மார்த்தா. கோயிலுக்கு வந்தாலும் மலர் வைக்கவும் கூட்டவும் மெழுகவும் நாங்கள் அவரையே அழைக்கிறோம். பிறகு பீடத்திலே நின்று, மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்று அவருக்கே மறையுரை ஆற்றுகிறோம். முறை மாறவேண்டும் என்ற விதி நமது வீடுகளில் எழுதப்படவேயில்லை. எழுதாதது அவருடைய குற்றமன்று.

பெண் ஒருத்தி தனியே நடந்தால் ஊர் என்ன சொல்லும், வழியிலே என்ன ஆபத்து வருமோ என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. நியாயமான தயக்கமே. அதற்காக மலை தேட வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மணித்தியாலம், கடற்கரையோ கோயில் வளவோ, நமக்குத் தெரிந்த வெளி ஒன்று போதும். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அடுப்படிக்கும் வாசலுக்கும் கணவரும் பிள்ளைகளும் பொறுப்பு நிற்கவேண்டும். அவர் போய் என்ன செய்தார், செபித்தாரா, எத்தனை மணி சொன்னார் என்று வந்ததும் விசாரிக்கவும் கூடாது. நான் மலையிலே முதல் அரை மணித்தியாலம் என்ன செய்தேன் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். அதற்காக என் நண்பர் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை.

கீழே இறங்கும்போது வேகமாகவே இறங்கினேன். அதே பாதை, அதே பூக்கள். திரும்பிப் பார்த்த நினைவில்லை.

2016 இல் படிப்பு முடிந்து நாடு திரும்பினேன். சில வாரங்களின் பின் அந்தத் தாயைத் தேடிப் போனேன். மகள் மணமுடித்து வேறூர் போயிருந்தாள். வீட்டில் அவர் மட்டும். கேட்கவேண்டியதைக் கேட்கலாம், மன்னிப்பும் சொல்லலாம் என்று வழியெல்லாம் வசனங்களை ஆயத்தம் செய்துகொண்டு போயிருந்தேன். நான் சொல்லத் தொடங்கியதும் அவர் கையசைத்து நிறுத்தினார்.

"அதை விடுங்கோ சுவாமி. நீங்கள் ஒரு மணித்தியாலம் நிப்பியளோ?"

"நிற்பேன் அம்மா."

"அப்ப உந்தக் கதிரையைப் போட்டு வாசலிலை இருங்கோ. நான் உதிலை குளக்கட்டிலை கொஞ்சம் நடந்திட்டு வாறன். ஏழு வருசமாய் வீட்டைப் பூட்டிப்போட்டு ஒரு இடமும் போறேல்லை. பெடியன் வந்து பூட்டின வீட்டைக் கண்டிட்டுத் திரும்பிப் போனாலும் எண்டு."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். படலையருகே நின்று, பொறுப்பான ஆள்தானா என்று பார்ப்பது போல என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வன்னியின் சமதரையிலே குளக்கட்டுத்தான் மலை. அவர் மெல்ல அதன்மேல் ஏறி, குடையை விரிக்காமலே, வெயிலுக்குள் நடந்து போவது வாசலிலிருந்து வெகு நேரம் தெரிந்தது. பிறகு மருத மரங்கள் மறைத்துவிட்டன. நான் கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துவிச்சக்கர வண்டியில் இருவர் போனார்கள். ஒரு கோழி குஞ்சுகளோடு முற்றத்தைக் கிளறியது.

ஒரு மணித்தியாலமும் கால் மணியும் கழித்து வந்தார். முகம் வியர்த்திருந்தது.

"ஆரும் வந்தவையோ, சுவாமி?"

"இல்லை அம்மா."

தலையசைத்தார். குடையைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு, "இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்" என்று உள்ளே போனார்.